பேதமும் விச்சேதமும்: ‘ஸ்கிஸம்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இரு கலைகளும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் வடகலை, தென்கலை என்னும் இரு வழிகளைக் குறிப்பிட நேரும்போது, ‘ஸ்கிஸம்’ என்ற சொல்லைக் கையாள்வது நூறாண்டுகளுக்கு மேலாக வழக்கில் உள்ளது. அவ்வெழுத்துகளைப் படித்த நம்மவர்களும் அச்சொல்லை அப்படியே ஏற்றுத் தமிழில் ‘பிளவு’ என்று எழுதி வருகின்றனர். ஒரு சொல்தானே என்று இதனை விட்டுவிடுவதற்கில்லை. பதத்தின் வ்யுத்பத்தியை ஆராயாமல் பொருள் கொள்ளும் வழக்கம் நம் பூர்வாசார்யர்களிடம் இல்லை. நாராயண சப்தத்தைத் தத்புருஷமாகவும் பஹுவ்ரீஹியாகவும் கொண்டு, இரண்டினாலும் வெவ்வேறு குணங்கள் தேறுவதைக் காட்டி, இரண்டையும் ஒரே திருநாமத்தின் பொருளாகவே அருளிச்செய்தவர்கள் அவர்கள். அத்தகைய மரபைப் பற்றிப் பேசும்போது ஓர் அந்நியச் சொல்லைப் பரீக்ஷை செய்யாமல் ஏற்பது தகாது. அச்சொல் எங்கே பிறந்தது, எதனைக் குறித்தது, யார் யாரை நோக்கிச் சொன்னார்கள், நம்மிடையே அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

‘ஸ்கிஸம்’ கிரேக்க மொழியிலிருந்து லத்தீன் வழியாகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தை அடைந்தது. பிளத்தல், கிழித்தல் என்னும் பொருளுடைய ‘ஸ்கிஸைன்’ என்ற கிரேக்க வினையிலிருந்து ‘ஸ்கிஸ்மா’ என்ற பெயர்ச்சொல் உண்டாயிற்று. கிழிசல் என்பது அதன் நேர்பொருள். விவிலியத்தின் சுவிசேஷங்களில் இச்சொல் துணியைப் பற்றிய ஓர் உவமையில் வருகிறது. பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் ஒட்டு சுருங்கிக் கிழிசல் பெரிதாகும் என்பது அவ்வுவமையின் கருத்து. ஆக, சமயச் சொல்லாவதற்கு முன் இது ஆடையில் விழுந்த கிழிசலைக் குறித்த சாதாரணச் சொல்லாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இதனை நெடுங்காலம் ‘ஸிஸம்’ என்றே உச்சரித்தனர். ககர ஒலி சேர்த்து உச்சரிப்பது பிற்காலத்து வழக்கு.

மொழியியலார் இக்கிரேக்க வினையையும் ஸம்ஸ்க்ருதத்திலுள்ள ‘சித்’ என்னும் தாதுவையும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையாகக் கொள்வர். சேதம், சேதனம், விச்சேதம் முதலிய சொற்களைத் தந்த தாது அது. தாதுபாடம் அதற்கு இரண்டாக்குதல் என்று பொருள் கூறுகிறது. (அறிவுடைய ஆத்மாவைக் குறிக்கும் சேதனன் என்ற சொல் வேறு தாதுவிலிருந்து வந்தது, ஒலி ஒற்றுமையால் மயங்கலாகாது.) அதே கணத்தில் அருகருகே நிற்கும் மற்றொரு தாது ‘பித்’. அதிலிருந்து பிறந்தது பேதம். தாதுவளவில் இரண்டும் உடைத்தலையும் அறுத்தலையும் குறிப்பவையே. ஆயினும் சாஸ்த்ர வழக்கில் இவை வெகுதூரம் விலகிவிட்டன. பேதம் என்பது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிக்கும் கலைச்சொல்லாயிற்று. விச்சேதம் என்பதோ தொடர்பு அறுந்துபோதலைக் குறிக்கும். ‘ஸ்கிஸம்’ என்ற சொல் பிறப்பால் விச்சேதத்தின் உறவு, பேதத்தின் உறவன்று. இதனை நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

திருச்சபை வழக்கில்

இச்சொல்லுக்குச் சமயப்பொருள் ஏற்பட்டது கிறிஸ்தவத் திருச்சபையில். கொரிந்து நகரத்துச் சபையாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் இது வருகிறது. அங்கே சிலர் தம்மைப் பவுலைச் சேர்ந்தவர் என்றும், சிலர் அப்பொல்லோவைச் சேர்ந்தவர் என்றும், சிலர் கேபாவைச் சேர்ந்தவர் என்றும் சொல்லிக்கொண்டு கட்சி கட்டியதைப் பவுல் கண்டிக்கிறார். உபதேசித்தவர் பெயரால் கூட்டம் பிரிவதையே அவர் கிழிசல் என்றார். அந்நிருபத்திலேயே பின்னர், சபையை ஓர் உடலாகவும் சபையாரை அதன் அவயவங்களாகவும் உருவகித்து, கண்ணும் கையும் வேறுவேறாயினும் உடலில் கிழிசல் கூடாது என்கிறார். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, முந்தைய இடத்தில் வேறு சொல்லை இட்டு, இந்த உடல் உருவகத்தில் மட்டும் ‘ஸ்கிஸம்’ என்ற சொல்லையே வைத்திருக்கிறது. அவயவங்களின் வேறுபாடு குற்றமாகக் கருதப்படவில்லை, ஓர் உடலாயிருத்தல் குலைவதே குற்றம் என்பது அந்த உருவகத்தின் தாத்பர்யம்.

இதனின்று ஒரு நுட்பமான பாகுபாடு பிறந்தது. கொள்கையில் மாறுபடுவதற்கு ‘ஹெரெஸி’ என்று பெயர். தானே ஒன்றைத் தெரிந்தெடுத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. ‘ஸ்கிஸம்’ என்பதோ கொள்கையில் மாறுபாடு இல்லாதபோதும் சபையின் கூட்டுறவிலிருந்து அறுத்துக்கொண்டு போதல். ஜெரோம் தீத்து நிருபத்துக்கு எழுதிய உரையில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், முன்னதை விசுவாசத்துக்கு எதிரான குற்றமாகவும் பின்னதை அன்புக்கு எதிரான குற்றமாகவும் வகுத்தார். கருத்து வேறுபாட்டிற்கு ஒரு பெயர், கூடி வழிபடுதல் அறுந்துபோவதற்கு வேறொரு பெயர் என்ற இப்பாகுபாடே இக்கட்டுரையின் ஆதாரம்.

வரலாற்றில் இச்சொல்லைப் பெற்ற நிகழ்ச்சிகள் இதனை மேலும் விளக்கும். எம்பெருமானார் அவதரித்த 1017ஆம் ஆண்டுக்கு 37 ஆண்டுகள் கழித்து, 1054ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று, ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட் கான்ஸ்டான்டிநோபிள் பேராலயத்துப் பலிபீடத்தின்மேல், அந்நகரத்துத் தலைவரான மைக்கேல் கெருலாரியுஸைச் சபையிலிருந்து விலக்கும் ஓலையை வைத்துவிட்டுச் சென்றார். அவரும் பதிலுக்கு விலக்கோலை பிறப்பித்தார். கிழக்குச் சபைக்கும் மேற்குச் சபைக்கும் இடையிலான பெரும் ‘ஸ்கிஸம்’ என்று வரலாறு இதனைக் கூறும். அவ்விலக்கோலைகள் 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று இருதரப்பாராலும் ரத்து செய்யப்பட்டன. ஆயினும் இரு சபையாரும் ஒரே பலிபீடத்தில் கூடும் நிலை இன்னும் திரும்பவில்லை. எழுதியதை அழிப்பது எளிது. அறுந்த கூட்டுறவை இணைப்பது அரிது.

மற்றொன்று 1378 முதல் 1417 வரை நிகழ்ந்தது. ரோமில் ஒரு போப்பும் அவிஞ்ஞோனில் ஒரு போப்பும் அமர்ந்தனர். 1409இல் பீசா நகரத்தில் மூன்றாமவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொள்கையில் இவர்களிடையே வேறுபாடு ஏதுமில்லை. பீடம் யாருடையது என்பதே கேள்வி. கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய சபைச் சங்கம் 1417இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த பின்னரே இது முடிந்தது. இது நிகழ்ந்த காலமே இங்கு மணவாள மாமுனிகளின் (1370–1443) இளமைக்காலம் என்பதை நம் வாசகர்கள் கருத்தில் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இச்சொல் சட்டத்தின் பெயராகவே வந்தது. 1714ஆம் ஆண்டின் ‘ஸ்கிஸம்’ சட்டம், அரசு ஏற்ற ஆங்கிலத் திருச்சபைக்கு இணங்காதவர்கள் பள்ளி நடத்துவதைத் தடுக்க இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரவேண்டிய ஆகஸ்ட் 1 அன்றே ஆன் அரசியார் காலமானார். சில ஆண்டுகளில் சட்டமும் நீக்கப்பட்டது. ஆனால் ஒன்று தெளிவாயிற்று. பீடத்திலும் அரசிலும் இருப்பவர் வெளியே இருப்பவரைச் சுட்டிச் சொல்லும் சொல் இது. தன்னைத் தானே ‘ஸ்கிஸம்’ செய்தவன் என்று சொல்லிக்கொள்பவர் எவரும் இல்லை. யார் கிழித்தவர் என்ற குற்றச்சாட்டு இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நம் சொற்கள்

மேற்கூறியவற்றிலிருந்து இச்சொல் பொருந்துவதற்கு வேண்டிய அங்கங்கள் தேறுகின்றன. ஒரே தலைமையுடைய ஒரே சபை இருக்கவேண்டும். சேர்க்கவும் விலக்கவும் அதற்கு அதிகாரம் இருக்கவேண்டும். கூட்டுறவு அறுந்த ஒரு நிகழ்ச்சி இருக்கவேண்டும்.

எம்பெருமானார் தரிசனம் இவ்வாறு அமைந்ததன்று. எழுபத்துநான்கு ஸிம்ஹாஸனாதிபதிகளை நியமித்து, ஆசார்ய சிஷ்ய ஸம்பந்தத்தின் வழியே பல கிளைகளாகப் பரவும்படி உடையவர் அமைத்தார் என்பது நம் குருபரம்பரை கூறும் வரலாறு. விலக்கோலை எழுதும் அதிகாரம் பெற்ற பீடம் அதில் இல்லை. ஸ்வாமி தேசிகன் (1268–1369) யாரையும் விலக்கியதாகவோ, பிள்ளை லோகாசார்யர் யாரையும் பிரித்ததாகவோ எந்தக் குருபரம்பரையும் கூறவில்லை. நம்பெருமாள் திருவரங்கம் விட்டெழுந்தருளிய ஆபத்துக் காலத்தில், பெருமாளுடன் சென்று ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தவராகப் பிள்ளை லோகாசார்யரையும், ச்ருதப்ரகாசிகையைக் காத்தவராக ஸ்வாமி தேசிகனையும் நம் மரபு நினைக்கிறது. ஒருவர் அர்ச்சையைக் காத்தார். மற்றவர் பாஷ்யத்தின் வ்யாக்யானத்தைக் காத்தார். இரண்டும் ஒரே திருமாளிகையின் நிதிகள்.

‘கலை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கல்வி, கற்கும் துறை என்பது அதன் பொருள். வடகலை வடமொழிக் கல்வியையும் தென்கலை தென்மொழிக் கல்வியையும் குறித்தன. உபயவேதாந்தம் என்று இரண்டையும் சேர்த்தே போற்றும் மரபில் இவை ஒரு கற்றறிவின் இரு முகங்கள். ஸம்ஸ்க்ருதத்தில் கலா என்பது பகுதியையும் குறிக்கும். சந்திரனுக்குப் பதினாறு கலைகள் என்கிறோம். ஒரு கலை மட்டும் விளங்கும் நாளிலும் சந்திரன் துண்டிக்கப்பட்டவன் அல்லன். கலை என்ற சொல்லில் பகுதி என்னும் பொருள் உண்டு. கிழிசல் என்னும் பொருள் இல்லை.

கருத்து வேறுபாடுகளை நம்மவர்கள் எந்தச் சொல்லால் குறித்தனர்? ‘அஷ்டாதச பேதம்’ என்றனர். ஸ்ரீவாத்ஸ்ய ரங்கநாதர் இயற்றிய நூலின் பெயரே ‘அஷ்டாதசபேத நிர்ணயம்’. அதனைப் பிரெஞ்சு மொழியாக்கத்துடன் 1978இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஸுஸான் ஸியோவ், பேதம் என்பதற்கு ‘வேறுபாடு’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லையே தலைப்பில் இட்டார். அதற்கும் முன் 1910இல் ஆல்கொண்டவில்லி கோவிந்தாசார்யர் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் ஸொஸைட்டியின் இதழில் இவ்விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது, ‘கொள்கை வேறுபாடுகள்’ என்று பொருள்படும் தொடரையே தலைப்பாகக் கொண்டார். 1988இல் வெளிவந்த பட்ரீஷியா மம்மே அவர்களின் ஆராய்ச்சி நூலும் தலைப்பில் ‘விவாதம்’ என்ற பொருளுடைய சொல்லையே தாங்கியுள்ளது. நூல்களை எதிரில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர்களுக்குத் தலைப்பிடக் கிழிசல் என்ற சொல் வேண்டியிருக்கவில்லை.

பேதங்களின் ஸ்வரூபம்

அப்பேதங்கள் சிறியவை என்று கூறுவது இங்கு நோக்கமன்று. ப்ரபத்தி, சேதனன் அனுஷ்டிக்கும் ஸாத்யோபாயமா, எம்பெருமானே உபாயமாயிருக்க அவன் க்ருபையை விலக்காமை மாத்ரமா என்பது மோக்ஷத்தையே பற்றிய கேள்வி. பிராட்டிக்குப் புருஷகாரத்வம் மாத்ரமா, உபாயத்வமும் உண்டா என்பதும் அத்தகையதே. எம்பெருமானுடைய வாத்ஸல்யம் அடியாருடைய தோஷத்தைக் காணாதிருத்தலா, அதனையே போக்யமாகக் கொள்ளுதலா என்பதும் பகவத் குணத்தைப் பற்றிய ஆழ்ந்த விசாரம். குரங்கின் குட்டி தாயைப் பற்றுவதும், பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்வதும் உவமைகளாகக் காட்டப்பெறுவது யாவரும் அறிந்ததே.

ஆயினும் இவ்விசாரங்கள் எந்த நூல்களின்மேல் எழுந்தன என்று பார்க்கவேண்டும். முமுக்ஷுப்படியும் ரஹஸ்யத்ரயஸாரமும் விளக்குவது திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் என்னும் அதே மூன்று ரஹஸ்யங்களை. இருசாராரும் ப்ரமாணமாகக் கொள்வது அதே ஸ்ரீபாஷ்யத்தையும் கத்யத்ரயத்தையும். இருசாராரும் அனுஸந்திப்பது நாதமுனிகள் மீட்டளித்த அதே நாலாயிரத்தை. எம்பெருமானார் வரையில் குருபரம்பரையும் ஒன்றே. பூனையும் குரங்கும் வேறாயினும், இரண்டு உவமைகளிலும் குட்டி சேர்வது தாயிடமே.

நம் ஸித்தாந்தமே இதற்கு வழி காட்டுகிறது. பேதம் உண்டு என்பதால் பிரிவு உண்டு என்று விசிஷ்டாத்வைதம் கொள்வதில்லை. சரீரமும் ஆத்மாவும் வேறு. ஆனால் சரீரம் ஆத்மாவை விட்டுப் பிரிந்து நில்லாது. இதனையே அப்ருதக்ஸித்தி என்கிறோம். சித்தும் அசித்தும் ஈச்வரனும் ஒன்றுக்கொன்று ஸ்வரூப பேதமுடையவை. பேதமுடையவையாகவே பிரியாமல் நிற்பவை. பேதத்தை மறுத்து ஒருமையைச் சொன்னவர்களையும், பேதத்தைச் சொல்லி ஒருமையை விட்டவர்களையும் ஒருசேர விலக்கி நடுவழி காட்டிய தரிசனம் இது. பேதத்திற்கும் விச்சேதத்திற்கும் உள்ள வாசியை உலகுக்குக் கற்பித்த மரபைச் சார்ந்தவர்கள், தம்மைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவ்வாசியை மறந்து, பேதத்திற்கு விச்சேதத்தின் பெயரை இடுவது பொருந்துமா?

சொல் பொருந்தும் இடம்

எனினும் இச்சொல்லை முற்றிலும் அகற்றிவிடுதல் நேர்மையாகாது. ஜெரோம் காட்டிய பாகுபாட்டின்படி, கருத்து மாறுபாட்டிற்கு அன்றிக் கூட்டுறவு அறுந்ததற்கே ‘ஸ்கிஸம்’ என்று பெயர். அப்பெயர் பொருந்தும் இடம் நம்மிடையே ஒன்று உண்டு. கோஷ்டியே அவ்விடம்.

‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ என்று தொடங்குவதா, ‘ராமானுஜ தயாபாத்ரம்’ என்று தொடங்குவதா என்ற கேள்வி, திருமண்காப்பு எவ்வாறு சாத்துவது என்ற கேள்வி, யார் முன்னே நிற்பது, தீர்த்தம் யாருக்கு முதலில் என்ற கேள்வி ஆகியவை அஷ்டாதச பேதங்களினின்று தர்க்கமுறையில் பிறந்தவை அல்ல. அவை திருக்கோயிலில் உரிமையும் மரியாதையும் பற்றியவை. ஆங்கிலேயர் ஆட்சியில் இவை புதிய வடிவம் பெற்றன. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ரெகுலேஷன் சென்னை மாகாணத்துக் கோயில்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் அரசை அப்பொறுப்பிலிருந்து விலக்கியது. அதன்பின் முறையீட்டுக்கு உரிய இடம் நீதிமன்றம் ஆயிற்று.

நீதிமன்றமோ மதக்கொள்கையை விசாரிப்பதில்லை. இன்றும் நடைமுறையிலுள்ள 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு விளக்கம் கூறுவது இது: சொத்தோ பதவியோ குறித்த உரிமை கேட்கப்பட்டால், அது முழுவதும் மதச்சடங்கைப் பொறுத்ததாயினும் அவ்வழக்கை நீதிமன்றம் விசாரிக்கலாம். இதன் விளைவை நோக்குக. அருளிச்செயல் அனுஸந்தானம் என்ற கைங்கர்யம், நீதிமன்றத்தின் வாசலில் ஒரு ‘பதவி’ என்ற உருவெடுத்தாலன்றி உள்ளே நுழைய இயலாது. கைங்கர்யம் செய்ய விழைந்தவர் பதவிக்கு உரியவராகத் தம்மை நிறுவவேண்டியவரானார். நிறுவ வேண்டுமானால் எதிரிலிருப்பவருக்கு அவ்வுரிமை இல்லை என்று சொல்லியாகவேண்டும். காஞ்சி தேவப்பெருமாள் ஸந்நிதியின் அத்யாபக உரிமை குறித்த வழக்குகள் 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றத்தை எட்டின. 21ஆம் நூற்றாண்டிலும் அவை ஓயவில்லை. திருவல்லிக்கேணி பார்த்தஸாரதி ஸ்வாமி கோயிலைப் பற்றி அர்ஜுன் அப்பாதுரை 1981இல் வெளியிட்ட நூல், ஒரு கலையைச் சேர்ந்தவர் யார் என்று வரையறுக்கும் பொறுப்பே எவ்வாறு நீதிமன்றத்தின் கைக்குச் சென்றது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

இங்கே மற்றோர் ஆங்கிலச் சொல்லும் துணைபுரிந்தது. ‘ஸெக்ட்’ என்பது பின்பற்றுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஓர் ஆசார்யனைப் பின்பற்றுவோர் என்பது அதன் நேர்பொருள். ஆனால் வெட்டுதல் என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் வினையோடு ஒலியொற்றுமை கொண்டமையால், வெட்டுண்ட பகுதி என்றே பலர் அதனைக் கருதலாயினர். 1954ஆம் ஆண்டு ஷிரூர் மட வழக்கில் உச்சநீதிமன்றம், அரசியலமைப்பின் 26ஆம் பிரிவிலுள்ள ‘சமயப் பிரிவு’ என்பதற்கு ஆங்கில அகராதியின் பொருளைக் கொண்டு, ஆசார்யர்களின் பெயரால் வழங்கும் ஸம்ப்ரதாயங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் அதனுள் அடக்கியது. அதனால் பாதுகாப்பும் கிடைத்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் தனித்து நிற்பதைக் காட்டினால்தான் உரிமை என்ற நிலையும் அதனோடு வந்தது.

முடிவுரை

ஆக, ‘ஸ்கிஸம்’ என்ற சொல்லை அதன் சரியான பொருளில் கொண்டால், நாம் வழக்கமாக அதனை இடும் இடத்தில் அது பொருந்தவில்லை. இடத் தயங்கும் இடத்தில் பொருந்துகிறது. உபாய விசாரத்திலும் புருஷகார விசாரத்திலும் இருப்பது பேதம். அது ஆசார்யர்கள் நமக்கு வைத்துப்போன தனம். அதனைப் போக்கவேண்டியதில்லை, காலக்ஷேபத்தில் அமர்ந்து கற்கவேண்டும். ஒரு பாசுரத்தைச் சேர்ந்து ஸேவிக்க இயலாமல் ஒரே ஸந்நிதியில் இருவேறு திசைகளில் நிற்பது விச்சேதம். அது எந்த ரஹஸ்ய க்ரந்தத்திலும் விதிக்கப்பட்டதன்று. அதனைத் தேசிகன் தலையிலோ லோகாசார்யர் தலையிலோ மாமுனிகள் தலையிலோ ஏற்றுவது ஆசார்ய அபசாரமாகும்.

இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால் விளையும் தீங்கு இதுவே: கோஷ்டியில் நேர்ந்த கிழிசலுக்குக் கொள்கை காரணம் என்ற எண்ணம் வேரூன்றுகிறது. கொள்கை மாறாதாகையால் கிழிசலும் மாறாது என்று மனம் தேறிவிடுகிறது. இரண்டையும் பிரித்துச் சொன்னாலோ, கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடாமலேயே கூடி ஸேவிக்க வழி உண்டு என்பது விளங்கும். ஆங்கிலத்தில் எழுதும் நம் வித்வான்கள் அஷ்டாதச பேதங்களைக் குறிக்க வேறுபாடு என்னும் பொருளுடைய சொல்லையே கையாளட்டும். தமிழில் ‘பிளவு’ என்பதை விடுத்துப் பேதம் என்றோ கலை என்றோ எழுதட்டும். ‘ஸ்கிஸம்’ என்ற சொல்லை வழக்குமன்றம் ஏறிய பூசல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

பிறந்தபோது அச்சொல் ஆடையின் கிழிசலைத்தான் குறித்தது. கிழிந்த ஆடை தைக்கப்படவேண்டியது. அதில் நெய்யப்பட்டிருக்கும் இரு வண்ணங்களை ஒன்றாக்கவேண்டும் என்பதில்லை.